தலைமாட்டுக் குழி

மைமூன் நான்காவது முறையாக எழுந்துபோய் டியூப்லைட் சுவிட்சைத் தட்டிப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை. இன்னொரு தரம் தட்டினாள். அதற்கும் எரியவில்லை. எரியாவிட்டால் போகிறது, வந்தால் தெரியட்டும் என்று சுவிட்சைப் போட்டபடியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

முன்னறையில் அவளுடைய அம்மா ஹலீமாவைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றி உட்கார்ந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்கள். காலை பதினோரு மணி. மழை விட்டு, ஜன்னல் வழியாக வெயில் தாராளமாக விழுந்துகொண்டிருந்தது. தாய் மவுத்தான வீட்டில், பட்டப்பகலில், பெற்ற மகள் லைட்டுப் போடத் துடித்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

"புள்ள நொம்ப இடிஞ்சு போயிருச்சுங்க," என்றாள் சேலத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கிய சொந்தக்காரி.

"அது லைட்டப் பாக்கலீங்க, கரண்டப் பாக்குது," என்றாள் பல்கீஸ் மாமி. ஹலீமாவோடு பதினைந்து வருஷம் கூடவே அலைந்தவளுக்கு விஷயம் தெரியும்.

ராத்திரி அடித்த காற்றில் சில்வர் ஓக் கிளை ஒன்று முறிந்து கம்பிமேல் விழுந்து, கடைத்தெரு முக்கான ஒண்டிக்கடையிலிருந்து ஏரி வரைக்கும் கரண்டு போயிருந்தது. மற்றவர்களுக்கு அது பெரிய காரியமில்லை. மைமூனுக்கு ஒரு மணி நேரக் கரண்டு வேண்டும். சரியாகச் சொன்னால் அறுபத்து நான்கு நிமிடம். சாயந்திரம் அசர் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று ஜமாஅத்தில் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்னால் கஃபன் துணி உடுத்த வேண்டும், அதற்கு முன்னால் குளிப்பாட்ட வேண்டும். பல்கீஸ் மாமி பின்னாலிருந்து கணக்குப் போட்டு, இரண்டரை மணிக்குத் தண்ணீர் ஊற்றியாக வேண்டும் என்று சொல்லியிருந்தாள். அந்த இரண்டரைக்குள் குளிப்பாட்டுகிற பலகையில் குழி போட வேண்டும். மூன்று மாதமாகப் போடாத குழி.

குழி போடுகிற மிஷின் இருக்கிற மரப்பட்டறை அவர்களுடையதுதான். ஒண்டிக்கடைக்குக் கீழே, சேலம் பஸ் திரும்புகிற வளைவில் இருந்தது. பெங்களூரில் மூடிப்போன ஒரு பர்னிச்சர் கம்பெனியின் சாமான்களை விற்றபோது, அண்ணன் சிக்கந்தர் துணிந்து போய் ஒரு சிஎன்சி ரவுட்டரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுக்கிறபடி கத்தி தானாக நகர்ந்து மரத்தைக் குடைகிற மிஷின். தொண்ணூற்றைந்தில் ஏற்காட்டுக்கு அது ஒரு அதிசயம். ஏரிக்கு வந்த ஜனம் படகை விட்டுவிட்டுப் பட்டறை ஜன்னலில் வந்து நின்றது. சிக்கந்தருக்கு மரம் தெரியும், வியாபாரம் தெரியும். மிஷினுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரியாது. அது சேலத்தில் பாலிடெக்னிக் படித்துவிட்டு, கல்யாணப் பேச்சு எடுத்தாலே வேறு வேலை பார்க்கப் போய்விடுகிற தங்கச்சிக்குத்தான் தெரியும்.

ஏழு குழி வைத்த மசாலாத் தட்டு அவர்களுடைய சரக்கு. மிளகு, ஏலக்காய், கிராம்பு போட்டு எஸ்டேட்காரர்கள் விருந்தாளிகளுக்குக் கொடுப்பார்கள். குழி என்றால் சும்மா துளை இல்லை. அடியில் மூலையே இருக்கக் கூடாது, ஸ்பூனைப் போட்டால் கடைசி மிளகு வரைக்கும் உருண்டு வர வேண்டும். அதற்குக் கத்தி எங்கே இறங்கி, எப்படிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று வரிவரியாக எழுதுவாள் மைமூன். குழி போடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பது சிக்கந்தரின் அபிப்பிராயம். அவளுடைய அபிப்பிராயமும் அதுதான்.

ஹலீமாவுக்கு இந்தத் தட்டுகளின்மேல் பெரிய மதிப்பு ஒன்றும் கிடையாது. அவள் செய்துகொண்டிருந்த வேலை வேறு. ஊரில் எந்த வீட்டில் பெண் இறந்தாலும் குளிப்பாட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள். இருபது வருஷமாகப் போய்க்கொண்டிருந்தாள். மழையானாலும் காய்ச்சலானாலும் போவாள். திரும்பி வந்து குளித்துவிட்டுச் சோற்றுக்கு உட்காரும்போது ஒரே ஒரு குறைதான் சொல்வாள். பள்ளிவாசல் பலகை தட்டையாக இருக்கிறது, மய்யித்தின் தலை நிற்க மாட்டேன் என்கிறது. இந்தப் பக்கம் திருப்பினால் அந்தப் பக்கம் உருளுகிறது. அதற்காக ஒரு செங்கல்லைத் துணியில் சுற்றித் தலைக்கு அண்டைகொடுத்து வைப்பார்கள்.

"உசுரோட இருக்கையில தலவாணி இல்லாம படுக்காதவளுக்கு, போறப்ப செங்கல்லு. நாயமா இது?" என்பாள்.

ஏப்ரல் மாதம் அவளே ஏற்பாடு செய்துவிட்டாள். மாரமங்கலத்தில் காற்றுக்கு விழுந்த பலாமரத்தில் இரண்டு அங்குல கனத்துக்கு ஒரு பலகை அறுக்கச் சொல்லி, பட்டறையில் வேலை செய்கிற மாதப்பனை வைத்து இழைக்கச் சொல்லி, கொண்டுவந்து மிஷினுக்குப் பக்கத்தில் போட வைத்தாள்.

"கண்ணு, மொளகுக்கெல்லாம் குழி போடுற. மனுசத் தலைக்கு ஒண்ணு போட மாட்டியா?"

"எவ்வளவு பெருசும்மா?"

ஹலீமா செருப்பைக் கழற்றிவிட்டு, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, பலகைமேல் ஏறி நீட்டிப் படுத்துவிட்டாள். பட்டறையில் இருந்த மாதப்பன் பதறிப்போய் வாசலுக்கு ஓடினான்.

"எந்தலைய அளவெடுத்துக்க. ஊருலயே பெரிய மண்ட என்னுதுதான். எனக்குப் பத்துச்சுன்னா எல்லாத்துக்கும் பத்தும்."

"எந்திரிம்மா. பாக்கவே ஒருமாதிரி இருக்குது."

"எடு சாமி. நாளைக்கு நானும் இதுலதான படுக்கோணும். அன்னைக்கு வந்து அளவெடுக்கவா போற?"

மைமூன் வெர்னியர் அளவுகோலை எடுத்து வந்து அம்மாவின் தலையை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு அளந்தாள். இரும்பு குளிர்ந்ததில் ஹலீமா சிரித்துவிட்டாள். நூற்றைம்பத்தொரு மில்லிமீட்டர். படுத்தபடியே மற்ற உத்தரவுகளையும் போட்டாள். குழியில் தண்ணீர் நிற்கக் கூடாது, பக்கவாட்டில் வாய்க்கால் வேண்டும். சொரசொரப்பு இருந்து முடி மாட்டக் கூடாது. "குளிப்பாட்டுறப்ப ஒரு முடி உழுந்தாலும் எடுத்துக் கஃபனுக்குள்ள வெச்சிரோணும். அது அவிங்களுது. நாம வெச்சிக்கப்படாது. ஆமா, எனக்கு நீதான் தலையப் புடிச்சுக்கோணும். பல்கீசு கை நடுங்குது இப்பல்லாம்."

அன்றைக்கே போட்டிருக்கலாம். இருநூறு மில்லி அகலம், முப்பது மில்லி ஆழம். மசாலாத் தட்டுக் குழியின் பெரிய அக்கா, அவ்வளவுதான். ஆனால் மைமூனுக்கு அது மசாலாத் தட்டில்லை, அம்மா கேட்ட குழி. முதலில் எழுதியதைச் சில்வர் ஓக் துண்டில் ஓட்டிப் பார்த்தாள். கத்தி இறங்கிய இடத்தில், குழியின் நடுவில், ஒரு புள்ளி விழுந்தது. புள்ளி விழாமல் சுற்றிச் சுற்றி இறங்குகிற மாதிரி மாற்றினாள். ஒரு வட்டம் முடிந்து அடுத்த வட்டம் தொடங்குகிற இடத்தில் தையல் மாதிரி ஒரு கோடு தெரிந்தது. கோடு விழாமல், நத்தை ஓடு போல ஒரே சுருளாக எழுதினாள். பிறகு கழுத்து வருகிற பக்கம் சரிவு போதவில்லை என்று தோன்றியது. ஒவ்வொன்றையும் பிளாப்பியில் தனித்தனியாக வைத்தாள். அம்மா ஒன்று, அம்மா இரண்டு என்று பெயர். அம்மா ஏழு வரைக்கும் வந்திருந்தது. நடுவில் எஸ்டேட் ஆர்டர்கள். பலகை சுவரில் சாய்ந்தபடியே இருந்தது.

அந்த மூன்று மாதத்தில் ஹலீமா நான்கு பெண்களைக் குளிப்பாட்டினாள். நான்கு பேருக்கும் செங்கல்தான்.

"குழி ஆச்சா கண்ணு?" போன வெள்ளிக்கிழமைகூடக் கேட்டாள்.

"ஒரு கோடு தெரியுதும்மா. அத மட்டும் எடுத்துட்டன்னா ஆச்சு."

"தலைக்கு அடியில இருக்குற கோட்ட எந்த மய்யித்து எந்திரிச்சுப் பாக்கப்போவுது?" என்றாள் ஹலீமா. சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

இன்று விடியற்காலை பஜ்ரு தொழுதுவிட்டு அதே பாயில் சாய்ந்தவள்தான். மைமூன் டீ கொண்டுவந்து வைத்து இரண்டு முறை கூப்பிட்டாள். டீயின்மேல் ஆடை படிந்த பிறகுதான் தொட்டுப் பார்த்தாள்.

பன்னிரண்டு மணிக்குப் பள்ளிவாசலிலிருந்து பழைய பலகையைக் கொண்டுவந்து கொல்லையில் இறக்கினார்கள். கூடவே பச்சைத் துணி சுற்றிய செங்கல். மைமூன் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே வந்தாள், மறுபடி கொல்லைக்குப் போனாள், மறுபடி உள்ளே வந்தாள். உட்காரு உட்காரு என்று நான்கு பேர் சொல்லியும் உட்கார முடியவில்லை. அழுகையாவது வந்தால் தேவலை. அது வருவேனா என்றது. நெஞ்சுக்குள் ஒரே ஒரு நினைப்புதான் மிஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. இருபது வருஷத்தில் அந்த அம்மாள் தனக்காக வாய்திறந்து கேட்டது ஒரு குழி. அதைக்கூட நான் போட்டுக் கொடுக்கவில்லை.

வாசலில் ஆண்களோடு நின்றிருந்த சிக்கந்தரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, லைன்மேன் என்ன சொல்றாருங்க?"

"ரெண்டு மணிக்குள்ள வந்துரும்னாரு. மைமூனு, வுட்டுரு. அந்தப் பலகையிலயே ஆகட்டும். அம்மா ஒண்ணும் நெனைக்காது."

"அம்மா நெனைக்காது. நான் நெனைப்பனில்ல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கண்ணும் சிவந்துதான் இருந்தது. "வந்துச்சுன்னா சொல்றேன்," என்று மட்டும் சொன்னான்.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒன்று இருபதுக்கு, மவுனமாக ஓதிக்கொண்டிருந்த அறையில், ஹலீமாவின் தலைக்கு நேர் மேலே டியூப்லைட் இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது. ஓதிக்கொண்டிருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். மைமூன் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

"கண்ணு!" பல்கீஸ் மாமி பின்னாலேயே வந்தாள். "ரெண்டரைக்கு நீ இங்க இருக்கோணும். நீயில்லாம தண்ணி ஊத்த மாட்டேன். ஆனா அசரு நமக்காகக் காத்திருக்காது, பாத்துக்க."

"வந்தர்றேன் மாமி."

"தலைய நீ புடிக்கோணும்னு சொல்லியிருக்கா ஹலீமா. குழிய நெனச்சுக்கிட்டுத் தலைய வுட்டுறாத."

வீட்டிலிருந்து பட்டறைக்குப் பத்து நிமிட நடை. ஆறு நிமிடத்தில் இறங்கினாள். ஈரத்தில் இரண்டு இடத்தில் வழுக்கியது. ஒண்டிக்கடையில் துக்கத்துக்காகப் பாதிக் கதவைச் சாத்தியிருந்த கடைக்காரர்கள், மவுத்தான வீட்டுப் பெண் முக்காடு பறக்கத் தெருவில் ஓடுவதைப் பார்த்து வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டார்கள்.

பட்டறை திறந்திருந்தது. மாதப்பன் யாரும் சொல்லாமலே காலையில் வந்து, பலகையை மிஷின் மேஜைமேல் ஏற்றி, நீட்டிக்கொண்டிருந்த கால்மாட்டுக்கு ஸ்டூல் போட்டு முட்டுக்கொடுத்து வைத்திருந்தான்.

"வாங்க அம்மிணி," என்றான். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

பலகை நகராமல் நான்கு கிளாம்ப்பையும் முடுக்கினாள். உருண்டை முனைக் கத்தியைப் போட்டு, பலகையின் மூலையில் கொண்டுபோய் நிறுத்தி, அங்கேயிருந்துதான் கணக்கு என்று மிஷினுக்குச் சொல்லி, அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டாள். கம்ப்யூட்டரைப் போட்டாள். பிளாப்பி கரகரவென்று சாவகாசமாகப் படித்தது. அவசரத்துக்குப் பிறந்த சாமானா அது? ஒன்று நாற்பத்தொன்றுக்குக் கத்தி சுழன்று மரத்தில் இறங்கியது.

முதல் வேலை, உள்ளே இருக்கிற மரத்தை அள்ளி எடுப்பது. ஐந்து ஐந்து மில்லியாக ஆறு அடுக்கு. வெளி வட்டம் பெரிது, அடுத்தது கொஞ்சம் சிறியது, அதற்குள் இன்னும் சிறியது. பலாமரத்தின் மஞ்சள் தூள் பறந்து அவள் முக்காட்டிலும் கண்ணிமையிலும் படிந்தது. கடைசியாகப் பக்கவாட்டில் வாய்க்காலைக் கிழித்துவிட்டுக் கத்தி மேலே ஏறி நின்றது. பன்னிரண்டு நிமிடம், அவள் எழுதியபடியே.

தூளை ஊதிவிட்டுப் பார்த்தாள். குழி வந்துவிட்டது. ஆனால் உருண்டையாக இல்லை. கோயில் குளம் மாதிரி ஆறு படி இறங்கியது. இந்தப் படிகளைச் சீவி வழவழப்பாக்குவதற்குத்தான் அம்மா ஏழு. அரை மில்லி அரை மில்லியாகச் சுருண்டு இறங்கி, ஒரு கோடு தெரியாமல், ஒரு புள்ளி தெரியாமல். ஐம்பத்திரண்டு நிமிடம்.

மணி ஒன்று ஐம்பத்து மூன்று.

கூட்டிப் பார்த்தாள். இரண்டே முக்கால். அப்புறம் கிளாம்ப்பை அவிழ்த்து, வண்டியில் ஏற்றி, கொண்டுபோய் இறக்கினால் மூன்று மணியாகிவிடும். கூட்டல் தப்பாக இருக்குமோ என்று இன்னொரு தரம் கூட்டினாள். வேகத்தைக் கூட்டினால்? பலா நார் பிய்ந்துகொண்டு வரும். சுற்றை அகலமாக்கினால்? மறுபடி எழுத வேண்டும். பட்டனை அழுத்திவிட்டாள். கத்தி வெளி வட்டத்தில் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிய இடமெல்லாம் வெண்ணெய் தடவிய மாதிரி வழவழவென்று வந்தது. எவ்வளவு அழகு! இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மூன்று மாதமாக அவள் ஆசைப்பட்டது இதுதான்.

அவள் மேஜையைச் சுற்றி நடந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள். இரண்டு மணி. வெளி வட்டத்தில் இரண்டு விரல் அகலம்கூட முடியவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. சிக்கந்தர் வேனை நிறுத்திவிட்டு, இன்ஜினை அணைக்காமல் உள்ளே வந்து நின்றான். குழியை எட்டிப் பார்த்தான்.

"படி படியா இருக்குது."

"அதத்தாண்ணே சீவுது."

"எவ்வளவு நேரம்?"

"முக்கா மணி நேரம் இருக்குது."

சிக்கந்தர் சுவரோரம் போய் நின்றுகொண்டான். மாதப்பன்தான் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ஏனுங்க அம்மிணி, இப்ப வெச்சா தலை உருளுமுங்களா?"

மைமூன் அவனைப் பார்த்தாள். உருளாது. முதல் அடுக்கு எடுத்தபோதே உருளாது. ஏப்ரல் மாதம் முதல் தடவை ஓட்டினாளே, நடுவில் ஒரு புள்ளியோடு, அதிலேயே உருளாது. எந்த மய்யித்து எந்திரிச்சுப் பாக்கப்போவுது என்று அம்மா சொன்னது கேலி என்றல்லவா நினைத்துச் சிரித்தாள். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நான்கு பெண்கள் செங்கல்லில் தலைவைத்துப் போனார்கள், ஒரு கோட்டுக்காக.

சிவப்புப் பட்டனை அழுத்தினாள். கத்தி அப்படியே நின்றது. சத்தம் அடங்கியதும் பட்டறைக்குள் வேன் இன்ஜின் மட்டும் கேட்டது.

"தூக்குங்க," என்றாள்.

உப்புத்தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு வேனின் பின்னால் பலகையோடு ஏறி உட்கார்ந்து, வளைவில் ஆடிக்கொண்டே வழியெல்லாம் தேய்த்தாள். சிராய் போனது. படி போகவில்லை. போகாது என்று அவளுக்குத் தெரியும். கை தேய்த்துக்கொண்டே இருந்தது.

இரண்டு இருபத்தெட்டு. கொல்லையில் சுற்றிலும் போர்வை கட்டி மறைத்திருந்தார்கள். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர் அண்டாவில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பல்கீஸ் மாமி புதுப் பலகையைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், மைமூனைப் பார்த்தாள். மஞ்சள் தூள் படிந்த அவள் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். பழைய பலகையையும் செங்கல்லையும் ஓரமாக நகர்த்தச் சொன்னாள்.

நான்கு பெண்கள் சேர்ந்து ஹலீமாவைத் தூக்கி வந்தார்கள். மைமூன் தலையைத் தாங்கிக்கொண்டு வந்தாள். கனமாக இருந்தது. இவ்வளவு கனத்தையா இந்த அம்மாள் நிமிர்த்திக்கொண்டு நடந்தாள்? குழிக்கு நேராகக் கொண்டுவந்து, மெதுவாக இறக்கி, ஆனாலும் கையை எடுக்காமல் வைத்திருந்தாள்.

"எடு கண்ணு," என்றாள் மாமி. "பாப்போம்."

மைமூன் ஒரு கையை எடுத்தாள். பிறகு மற்றதை எடுத்தாள்.

தலை நின்றது. இந்தப் பக்கமும் போகவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. முகம் நேராக மேலே பார்த்துக்கொண்டு, காது இரண்டும் குழியின் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் நின்றன.

பல்கீஸ் மாமி, "பதினஞ்சு வருசமா கேட்டா," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

தலையைப் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லாததால் மைமூனின் கை இரண்டும் சும்மா இருந்தது. மாமி அந்தக் கைகளில் சொம்பைக் கொடுத்தாள். மைமூன் அம்மாவின் கொண்டையை அவிழ்த்தாள். எப்போதோ ஒரு பெருநாளைக்கு வைத்த மருதாணி முடி நுனியில் மட்டும் இன்னும் சிவப்பாக இருந்தது. அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அம்மா எப்படித் தேய்த்துவிடுவாளோ அப்படியே காதுக்குப் பின்னால், பிடரியில், நெற்றி வகிட்டில் எல்லாம் விரலை விட்டுத் தேய்த்து அலசினாள். தண்ணீர் குழியில் இறங்கி வாய்க்கால் வழியாக வெளியே ஓடியது. அப்போதுதான் அழுகை வந்தது. குளிப்பாட்டும்போது சத்தம் போட்டு அழக் கூடாது என்று அம்மா சொல்வாள். சத்தம் போடாமல் அழுதாள். தண்ணீரோடு தண்ணீராக அதுவும் போனது.

விழுந்த முடிகளைப் பொறுக்கினாள். ஏழு. எண்ணி மாமியிடம் கொடுத்தாள். தலைமுடியை மூன்று பின்னலாகப் பின்னினார்கள். பின்னல்களைக் கஃபனுக்குள் விட்டு, அந்த ஏழையும் வைத்து மூடினார்கள்.

அசருக்குப் பிறகு தூக்கிக்கொண்டு போனார்கள். கபர்ஸ்தானுக்குப் பெண்கள் போகிற வழக்கமில்லை. மைமூன் வாசற்படியில் நின்றாள். சிக்கந்தர் முன்னால் தோள் கொடுத்திருந்தான். மாதப்பனும் கூட்டத்தின் கடைசியில் செருப்பில்லாமல் நடந்துபோனான். வளைவு திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிய பிறகும் நின்றாள். கடைசியில் மாமிதான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

மறுநாள் காலையில் ஏழு மணிக்கு மைமூன் கொல்லைக்கு வந்தாள். பலகையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். பத்து மணிக்குப் பள்ளிவாசலிலிருந்து எடுத்துப்போக ஆள் வரும். ராத்திரி மழை இல்லை. பலகை காய்ந்திருந்தது, குழியில் மட்டும் ஈரம் மிச்சமிருந்தது. கையால் துடைக்கப்போனவள் நிறுத்திவிட்டாள்.

மூன்றாவது படியில் ஒரு முடி ஒட்டிக்கொண்டிருந்தது. நரைமுடி. நுனியில் மட்டும் ஒரு விரற்கடை சிவப்பு.

உட்கார்ந்துவிட்டாள். ஒரு வழவழப்பான குழியாக இருந்திருந்தால் இது தண்ணீரோடு இறங்கி வாய்க்காலுக்கு வந்திருக்கும். எட்டாவதாக எண்ணியிருப்பாள். படி இருந்ததால் நின்றுவிட்டது. அதை எடுத்தாள். விரலில் சுற்றினாள். சுற்றிய விரலை மடக்கி மூடிக்கொண்டாள். வைத்துக்கொண்டால் என்ன என்று ஒரு மனசு கேட்டது. நேற்று வரைக்கும் இந்த வீட்டில் எங்கே பார்த்தாலும் இருந்ததுதானே, சீப்பில், தலையணையில், சோற்றில்கூட. அப்போதெல்லாம் எடுத்து எறிந்துவிட்டு இப்போது ஒன்றே ஒன்றுக்கு இப்படி அடித்துக்கொள்கிறதே மனசு.

பிறகு மூடிய விரலோடு எழுந்தாள்.

சிக்கந்தர் தொப்பியை மாட்டிக்கொண்டு கபருக்குக் கிளம்பினான். மைமூன் உள்ளே போய், மேஜைமேல் கிடந்த பழைய தாள் ஒன்றைக் கிழித்தாள். அம்மா மூன்றோ நான்கோ, பிரிண்ட் எடுத்த தாள், வரிவரியாக எண்கள். அதில் முடியை வைத்து நான்காக மடித்து அண்ணனிடம் நீட்டினாள்.

"அம்மாவுது. அங்க வெச்சிருங்க."

அவன் பிரித்துப் பார்க்கவில்லை. "எங்க இருந்துச்சு?"

"மூணாவது படியில."

சிக்கந்தர் பலகையைத் திரும்பிப் பார்த்தான். தாளைச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டு, நின்றான். "கரண்டு இருக்குது," என்றான். "போற வழியில பலகையப் பட்டறையில எறக்கி வுட்டுட்டுப் போறேன்."

மாதப்பன் பட்டறையைத் திறந்து வைத்திருந்தான். கிளாம்ப்பை முடுக்கி, நேற்றுப் போட்ட பென்சில் கோட்டுக்குக் கத்தியைக் கொண்டுவந்து நிறுத்தி, அம்மா ஏழை முதலிலிருந்து ஓட்டினாள். ஐம்பத்திரண்டு நிமிடமும் நின்றாள். ஸ்டூல் எடுத்துப் போட்டான் மாதப்பன், உட்காரவில்லை. கத்தி ஒரு படியைச் சீவிவிட்டு அடுத்த படிக்கு இறங்கியது. மூன்றாவது படி வந்தபோது குனிந்து பார்த்தாள். பிறகு அதுவும் இல்லை.

மிஷின் நின்றது. தூளைத் துடைத்துவிட்டு உள்ளங்கையால் தடவினாள். கையில் ஒன்றும் தட்டவில்லை. கோடு இல்லை, புள்ளி இல்லை.

"தண்ணி கொஞ்சம் கொண்டாங்க மாதப்பன்."

ஒரு சொம்பு தண்ணீரை மெதுவாகக் குழியில் ஊற்றினாள். அது ஒரு சுற்றுச் சுற்றி, வாய்க்காலைத் தேடிப் பிடித்து, பலகையின் ஓரத்துக்கு ஓடிக் கீழே மரத்தூளில் விழுந்தது. குழியில் ஒன்றும் மிச்சமில்லை. கடைசிச் சொட்டு மட்டும் வாய்க்காலின் வாயில் தொங்கிக்கொண்டு நின்றது.

அது விழுகிற வரைக்கும் மைமூன் சொம்பைக் கீழே வைக்கவில்லை.